முதல் பக்கத்தில் முருகம்மாள்

இது நடந்தது. எங்கோ எவனுக்கோ நடந்ததைக் காதில் வாங்கி, மசாலா தடவிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாள், 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. இடம், தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி. நேரம், மத்தியானம் இரண்டு நாற்பத்திரண்டு. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், வெள்ளைச் சேலை கட்டித்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில், ஓடுகிற பஸ்ஸில், சீட்டுப் பிடித்து உட்கார்ந்து வந்தது.

இதில் வருகிற பேர்கள் எதையும் நான் மாற்றவில்லை. என் பேரை மட்டும் சொல்லமாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரிந்துகொள்வீர்கள். இந்த ஊரில் முப்பது வருஷமாக என்னைப் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் அப்படியே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விஜய்பாண்டி எங்கள் தெருக்காரன். கீழே பேட்டரிக் கடை, மேலே வீடு. கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே பித்து, பழைய பேய் நாவல்களும் விஞ்ஞான நாவல்களும். மாதாமாதம் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்தச் சாணித்தாள் புத்தகங்கள்தான். படித்துவிட்டு நாம் இட்லி மாவு மூடி வைத்த சரக்கு. அவனுக்கு அது தங்கம். அதிலும் முதல் பதிப்பாக இருக்கவேண்டும். அதிலும் எழுதியவர் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். பார்சல் வந்தால் என் ஆபீஸ் வாசலிலேயே நின்று பிரிப்பான். அட்டையைப் பார்க்கமாட்டான், கதையைப் பார்க்கமாட்டான். நேராக முதல் பக்கம். கையெழுத்து இருந்தால்தான் மூச்சே விடுவான்.

அவன் பொண்டாட்டி மாரீஸ்வரி தங்கமான பிள்ளை. சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவனுக்கு அம்மா அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ளவும் நாதி இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம்கூடச் சிடுசிடுப்பான். அவனைப் பொறுத்துக்கொண்டு சோறு போட்டது அவள் ஒருத்திதான். அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

தேவாரத்தில் ஞானசிகாமணி என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். எண்பதுகளில் பன்னிரண்டு நாவல் எழுதினார். ஒன்றில் வியாழன் கிரகத்தில் பிணவறை கட்டியிருப்பார், இன்னொன்றில் கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் பிணம் நடமாடும். அப்புறம் திடீரென்று பேனாவை மூடிவிட்டார். செத்தும் பல வருஷம் ஆகிறது. புத்தகம் சேர்க்கிறவர்கள் மத்தியில் அவரைப் பற்றி ஒரு சேதி உண்டு. அவர் வெறும் கையெழுத்துப் போட்டதே கிடையாது. மேலே ‘இன்னாருக்கு’ என்று ஒரு பேர் எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்தும் தேதியும் போடுவார். அதுவும் ஒரு நாவலுக்கு ஒரே ஒரு பிரதியில்.

இந்தச் சேர்ப்புக்காரர்களுக்கு அடுத்தவன் பேர் எழுதிய புத்தகம் என்றால் ஓர் இளக்காரம். அடுத்தவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நாம் சட்டம் போட்டு மாட்டி வைத்த மாதிரி என்பான் விஜய்பாண்டி. பேரில்லாத கையெழுத்துக்குத்தான் மவுசு. ஞானசிகாமணியின் பேரில்லாத கையெழுத்து உலகத்திலேயே கிடையாது. அதனால் அதன்மேல் எல்லாருக்கும் ஒரு வெறி.

போடியில் ஜெபராஜ் என்று ஒருத்தர். ஏலக்காய் வியாபாரம், ஜெபமாலை மாதிரி நிதானமான பேச்சு, நாக்கில் மட்டும் விஷம். அவரும் சேர்ப்புக்காரர்தான். இவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் விஜய்பாண்டி எந்தப் படத்தைப் போட்டாலும் ஜெபராஜ் வந்து ஒரு நொட்டை சொல்வார். “அட்டை ரெண்டாம் பதிப்பு”, “ஸ்டேப்ளர் பின் புதுசு”, “பேட்டரிக்காரருக்குப் புத்தக விசாரம் எதுக்கு?” பத்து வருஷப் பகை. நேரில் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக் காப்பி குடிப்பார்கள், அது வேறு.

ஜூன் மாதம் விஜய்பாண்டி தேவாரம் போனான். ஞானசிகாமணியின் சம்சாரம் கிருபாவதி, எழுபத்தைந்து வயசு, தனியாக இருக்கிறார். நூலகம் வைக்கப்போகிறேன், ஐயா பேரில் ஒரு அலமாரி என்று வாய் கூசாமல் அளந்தான். அந்தம்மா நம்பினாரோ இல்லையோ, உள்ளே போய் ஒரே ஒரு புத்தகத்தைப் பழைய தலையணை உறையில் சுற்றி எடுத்து வந்தார்.

‘பந்தலுக்கடியில் யாரோ’. முதல் பதிப்பு, 1987. முதல் பக்கத்தில் நீல மசியில் மூன்று வரி.

முருகம்மாளுக்கு
ஞானசிகாமணி
9.8.1987

“பேரு எழுதிருக்கே தம்பி, பரவால்லையா?” என்று கேட்டார் கிருபாவதி.

“அத நான் பாத்துக்கிறேம்மா.”

அந்தம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தாராம்.

ஜூலை 13 ராத்திரி குரூப்பில் சண்டை முற்றியது. “பேரில்லாத காப்பி ஒண்ணு காட்டுங்க, என் மொத்த அலமாரியையும் தூக்கித் தாரேன்” என்று எழுதினார் ஜெபராஜ். கூடவே சிரிக்கிற பொம்மை ஏழு. விஜய்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூடலூரில் மாரீஸ்வரியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. “நீங்களும் வாங்கங்க, தங்கச்சி கோவிச்சுக்கிருவா” என்று கெஞ்சிப் பார்த்தாள். கடை இருக்கிறது என்றான். அவள் தனியாகப் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் இவன் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினான்.

காது குடைகிற பஞ்சுக்குச்சி. குளியலறை கழுவுகிற பிளீச்சிங் தண்ணீர். பூதக்கண்ணாடி. அப்புறம் இஸ்திரிப் பெட்டி.

பஞ்சை நனைத்து ‘மு’வின் மேல் வைத்தான். மசி மஞ்சளாகி, அப்புறம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அடுத்த எழுத்து. அடுத்தது. ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். கையெழுத்தின்மேலும் தேதியின்மேலும் ஒரு சொட்டுகூடப் படவில்லை. வெள்ளைத்தாள் வைத்து இஸ்திரி போட்டான். முருகம்மாள் போயே போய்விட்டாள். அவளுக்காக ஒரு வார்த்தை பேச ஆளில்லை பாருங்கள், ஒரு பேர்தான் மிச்சம் இருந்தது, அதையும் துடைத்துவிட்டான் மகராசன்.

மதியம் 1.15க்குப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டான். ‘பேரில்லாத ஞானசிகாமணி. உலகத்திலேயே ஒன்று.’ ஜெபராஜிடமிருந்து சத்தமே இல்லை. விஜய்பாண்டி தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டான். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லையாம்.

ஜூலையில் எங்கள் பள்ளத்தாக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மேற்கு மலையிலிருந்து இறங்கி, தென்னையைப் பேயாட்டம் ஆட்டும். ஜன்னல் தகரம் காலையிலிருந்து தடதடத்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தவன் ஒன்றைக் கவனித்தான். தகரச் சத்தம் நின்றிருந்தது. வெளியே தென்னை ஆடிக்கொண்டுதான் இருந்தது… சத்தம் மட்டும் இல்லை.

அறையில் ஒரு நெடி. பிளீச்சிங் நெடி இல்லை. அவன் கூடலூர் மாப்பிள்ளை, அந்த நெடி அவனுக்குத் தெரியும். திராட்சைக்கு அடிக்கிற மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, பந்தல் பந்தலாக அடிப்பார்களே, இலையெல்லாம் நீலம் பூத்து நிற்குமே, அது. தோட்டம் இங்கிருந்து எத்தனையோ மைல். எங்கிருந்து வருகிறது என்று மோந்துகொண்டே போனான். மேஜைக்குப் போய் நின்றான்.

மணி 2.42. புத்தகத்தைத் திறந்தான்.

அழித்த இடத்தில் ஓர் எழுத்து இருந்தது.

மா.

நீல மசி. ஞானசிகாமணியின் அதே சாய்ந்த எழுத்து. மசி இன்னும் காயவில்லை, வெளிச்சத்தில் மினுமினுத்தது.

சரியாக அழியவில்லை போலிருக்கிறது, ‘முருகம்மா’வில் இருந்த ‘மா’ மேலே வந்துவிட்டது என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ‘மா’ வரியின் நடுவில் இல்லை. முதலில் இருந்தது.

போன் அடித்தது. மாரீஸ்வரி. மணி 2.50.

“ஏங்க, பஸ் ஏறிட்டேன். சாப்டீகளா?”

“ம்.”

“நம்ம வீட்டுல பந்தல் படம் போட்ட புஸ்தகம் ஒண்ணு இருக்காமே? பக்கத்துல உக்காந்திருக்க அம்மா கேக்குறாக.”

அவன் கையில் புத்தகம். அட்டையில் திராட்சைப் பந்தல்.

“எந்தம்மா?”

“தெரியலீங்க. கூடலூர் தாண்டி தோட்டத்துகிட்ட பஸ் நின்னுச்சு, அங்கன ஏறுனாக. பாவம், மருந்தடிச்சுட்டு அப்படியே வாராக போல… முழங்கை வரைக்கும் நீலமா இருக்கு.”

“எப்ப ஏறுனா?”

“இப்பத்தான். அஞ்சாறு நிமிசம் இருக்கும்.”

லைன் கரகரத்துக் கட்டாயிற்று.

மணி 2.55. கம்பம் பஸ் நிலையத்துக்குள் பஸ் நுழைகிற நேரம். அவன் கண் முன்னால், வெற்றுத் தாளில், உள்ளேயிருந்து ஊறி வருகிற மாதிரி நீலம் கசிந்தது. மெதுவாக வளைந்தது. சுழித்தது.

ரீ.

‘மாரீ’ என்று ஆரம்பிக்கிற பேர் ஊரில் ஆயிரம் இருக்கும். அவனுக்கு ஒன்றுதான் இருந்தது.

பஞ்சுக்குச்சியை எடுத்தான். பிளீச்சிங்கில் முக்கி அந்த இரண்டு எழுத்தின்மேல் அழுத்தினான். மசி அசையவில்லை. தேய்த்தான். பஞ்சு நீலமாயிற்று. எழுத்து அப்படியே இருந்தது. அவன் விரல் நுனிதான் எரிந்தது.

மணி 3.15.

ஸ்.

அவளைக் கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். எடுத்தாள்.

“என்னங்க… உத்தமபாளையத்துல நிக்குது.”

“எறங்கு. அங்கனயே எறங்கு!”

“எதுக்கு?”

“சொன்னாக் கேளு மாரீ. எறங்கி நில்லு, நான் வந்து கூட்டிக்கிறேன்.”

“அந்தம்மா வீட்டு வாசல் வரைக்கும் வாரேங்கிறாக. நல்லாப் பேசுறாக. எம்பேரக் கேட்டாக.”

“சொன்னியா?”

“மாரின்னேன். முழுப்பேரச் சொல்லுன்னாக. சொன்னேன்.”

“மாரீ, அவ யாருன்னு…”

டொக். சிக்னல் இல்லை.

கிருபாவதி நம்பரைத் தேடினான். இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று. மூன்றாம் தடவை அந்தம்மா எடுத்தார். இவன் பேரைச் சொன்னான்.

அந்தம்மாவே கேட்டார். “பேர அழிச்சீகளா?”

“…ஆமாம்மா.”

“எத்தன எழுத்து வந்துருக்கு?”

அவன் எண்ணிப் பார்த்தான். “மூணு.”

“தொடச்ச எடம் சும்மா கெடக்காது தம்பி. யாரு பேராச்சும் வேணும் அதுக்கு. நான் ஒண்ணும் சொல்லல. என்னைய இதுல இழுக்காதீக.”

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

இப்போது ஒன்று சொல்கிறேன். எனக்கு அவன்மேல் இன்னும் ஆத்திரம் தீராததற்கு இதுதான் காரணம். அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிய வேண்டும் என்பது அவனுக்கு அப்போதே தோன்றியது. கையை வைத்தான். வைத்துவிட்டு… யோசித்தான். உலகத்திலேயே ஒன்று! பொண்டாட்டி பேர் எழுத்தெழுத்தாக ஏறிக்கொண்டிருக்கிறது, இவன் முதல் பதிப்பை நினைத்து நிற்கிறான். அரை நிமிஷம் இருக்குமாம். அவனே மாரீஸ்வரியிடம் ஒத்துக்கொண்டது.

அரை நிமிஷம் கழித்துக் கிழித்தான். கிழியவில்லை.

முப்பத்தாறு வருஷத்துச் சாணித்தாள். மூச்சு பட்டாலே ஓரம் உதிரும். இரண்டு கையாலும் இழுத்தான். தோல் மாதிரி வளைந்து கொடுத்தது. பல்லால் கடித்தான். வாயெல்லாம் துத்தக் கசப்பு.

மணி 3.33. சின்னமனூர்.

வ.

பேனாவை எடுத்தான். சட்டைப்பையில் இருந்த பில் போடுகிற பேனா. காலி இடத்தின் கீழே ‘முருகம்மாளுக்கு’ என்று எழுதினான். அவளுடையதை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று. தாள் அதைக் குடித்தது. எழுத எழுத, பின்னாலேயே மறைந்தது. மறுபடி எழுதினான். மறைந்தது. மூன்றாம் தடவை பெரிசாக எழுதினான்.

மறைந்தது.

போனவள் போனவள்தான். திரும்பி உள்ளே அடைபட மாட்டேன் என்கிறாள்.

மணி 3.45.

ரி.

போன். அவளேதான் கூப்பிட்டாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“என்னங்க… கண்ணச் சொக்குதுங்க.”

“மாரீ! எந்திரி! கண்டக்டரக் கூப்புடு!”

“எந்திரிக்க முடியல. அந்தம்மா கையப் புடிச்சிருக்காக…”

“விடச் சொல்லு!”

“எங்கையி… எங்கையி நீலமா இருக்குங்க.”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. அதற்கும் பின்னால், ரொம்பப் பக்கத்தில், ஒரு பொம்பளைக் குரல். சிரிப்பா, இருமலா… தெரியவில்லை.

டொக்.

மணி 3.52.

க்.

இன்னும் ஒரே எழுத்து. ‘கு’. அது விழுந்துவிட்டால் அந்தப் புத்தகம் அவளுடையது.

அவன் அழுதான். சத்தம் போட்டே அழுதான். எனக்கு யார் இருக்கா, எனக்கு யார் இருக்கா என்று தலையில் அடித்துக்கொண்டான்.

டிங்.

குரூப்பில் ஜெபராஜ்.

‘பெரிசுபடுத்திப் பாத்தேன். தாள்ல பிளீச்சிங் கறை தெரியுது. திருட்டுப்பய வேலை. சாயங்காலத்துக்குள்ள எல்லாக் குரூப்புலயும் போடப்போறேன்.’

விஜய்பாண்டி அந்தச் செய்தியைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான்.

யார் பேராச்சும் வேணும் அதுக்கு.

தெரியாமல் செய்தான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தெரிந்தேதான் செய்தான். பேனாவை எடுத்தான்.

ஜெபராஜுக்கு.

மணி 3.56.

நின்றது.

மசி மறையவில்லை. ஒரு புள்ளிகூடக் கலங்கவில்லை. மேலே ‘க்’ மங்கியது. ‘ரி’ மங்கியது. ‘வ’… ‘ஸ்’… ‘ரீ’… ‘மா’.

ஜன்னல் தகரம் திடீரென்று தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. அவன் நாற்காலியோடு பின்னால் விழுந்தான்.

போன். மாரீஸ்வரி. மணி 3.59.

“என்னங்க, கூப்டீகளா? அசந்து தூங்கிட்டேன் போல. வீரபாண்டி வந்துருச்சு.”

“அவ… அந்தம்மா?”

“இப்பத்தான் எறங்குனாக. திடுதிப்புன்னு எந்திரிச்சாக. போடிக்கு எந்தப் பஸ்ஸுன்னு கேட்டுக்கிட்டே எறங்கிட்டாக.”

4.12க்கு அவள் வீட்டுப் படியேறினாள். இவன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். பதினாலு வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை என்று அவளுக்கு ஆச்சரியம். கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் நுனியில் மட்டும் இலேசாக நீலம். சோப்புப் போட்டதும் போய்விட்டது.

ஜெபராஜுக்குப் போன் பண்ணி, ஓடிப்போங்க, யார் வந்து கேட்டாலும் பேரைச் சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பர் இருந்தது. நேரம் இருந்தது. சொல்லவில்லை. காப்பி போடச் சொல்லிக் குடித்தான்.

5.40க்குக் குரூப்பில் செய்தி வந்தது.

மறுநாள் போடியில் அடக்கம். விஜய்பாண்டி போனான். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே. ஜெபராஜின் சம்சாரம் ஜெபஷீலா அழுது வீங்கிய முகத்தோடு இருந்தார். கடைக் கணக்குப்பிள்ளை பிச்சைமணிதான் நடந்ததைச் சொன்னார். நாலே முக்கால் மணிக்கு ஒரு பொம்பளை கடைக்கு வந்தாளாம். ஏலக்காய் வாசனையையும் மீறி மருந்து நெடி. முதலாளி பேரைக் கேட்டாளாம். முழுப்பேரையும் கேட்டாளாம். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பிச்சைமணி தண்ணீர் எடுத்து வந்து பார்க்கிறார், பொம்பளை இல்லை. முதலாளி மூட்டைமேல் சாய்ந்து கிடக்கிறார். இரண்டு கையும் முழங்கை வரை நீலம்.

“டாக்டர் ஹார்ட் அட்டாக்குன்னுட்டாரு” என்றார் பிச்சைமணி. “நீலத்துக்கு ஒண்ணும் சொல்லல.”

ஜெபஷீலா நிமிர்ந்து விஜய்பாண்டியைப் பார்த்தார். “அவுக போன்ல கடைசியா உங்களத்தான் திட்டி எழுதிருக்காக. என்ன செஞ்சீக அவுகள?”

அவன் வெளியே வந்து, நேராகத் தேவாரத்துக்கு வண்டியை விட்டான். பையில் புத்தகம். திருப்பிக் கொடுத்துத் தலைமுழுகிவிட வேண்டும்.

கிருபாவதி வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

“இது வேணாம்மா எனக்கு. செத்தவுக பேர எழுதி வச்ச புத்தகம்னு அன்னைக்கே நீங்க சொல்லிருக்கணும்.”

“செத்தவுகளா? யாரு சொன்னா உங்களுக்கு?” அந்தம்மா ஒரு மாதிரி சிரித்தார். “முருகம்மா எங்க தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. வண்டிப்பாதைத் தகராறு. ஒன்பதாந்தேதி காலையில இவுக புத்தகத்தத் தொறந்து பேரு எழுதுனாக. அன்னைக்குப் பொழுதடைய, பந்தலுக்குக் கீழ கெடந்தா. எழுதும்போது எல்லாரும் உசுரோடதான் தம்பி இருந்தாக. பன்னெண்டு பேரும்.”

விஜய்பாண்டி கேட்டான். “அப்புறம் ஏன் எழுதுறத நிறுத்துனாரு?”

“ஆளு தீந்துபோச்சு.”

அவன் புத்தகத்தை நீட்டினான். கிருபாவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். மூடி, அவன் கையிலேயே திணித்தார்.

“இதுல என் வீட்டுக்காரரு கையெழுத்து இல்லையே.”

“இருக்கும்மா, நல்லாப் பாருங்க…”

“நீங்க பாருங்க.”

பார்த்தான். மேலே, அவன் எழுதிய ‘ஜெபராஜுக்கு’. அதன் கீழே ‘ஞானசிகாமணி’ இருந்த இடத்தில், பேங்க் செக்கிலும் பில்லிலும் அவன் போடுகிற அதே கிறுக்கல். வால் இழுத்த ‘டி’.

விஜய்பாண்டி
14.7.2023

“உங்க கையெழுத்துப் போட்டது. நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அந்தம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது மாரீஸ்வரி. போன மாதம் அவள் மூட்டை கட்டிக்கொண்டு கூடலூருக்கே போய்விட்டாள். போகும்போது என் வீட்டுக்காரியிடம் ஒரு மணி நேரம் அழுதாள், நான் பக்கத்தில் இருந்தேன். தன்னைக் காப்பாற்றத்தான் செய்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை என்கிறாள். இன்னொன்றும் சொன்னாள். அது சாதாரண பில் பேனா, மட்டமான மசி. ‘ஜெபராஜுக்கு’ மங்கிக்கொண்டே வருகிறதாம். ‘ஜெ’ போய்விட்டது. ‘ப’ பாதி இருக்கிறது. அதன்மேல் அவன் திருப்பி எழுதிப் பார்த்தான், தாள் குடித்துவிடுகிறது. ராத்திரி பகல் என்றில்லாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

அவள் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவன் கடையில் என் ஸ்கூட்டருக்குப் பேட்டரி மாற்றினேன். வழக்கமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன், அன்றைக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான்.

“போஸ்ட்மாஸ்டர் போஸ்ட்மாஸ்டர்னே கூப்பிட்டுப் பழகிருச்சு. உங்க முழுப்பேரு என்ன சார்? பில்லு போடணும்.”

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். அவன் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டான்.

மாரீஸ்வரி போனபிறகு அந்தப் பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தேதி இருக்கிறது, பேட்டரி நம்பர் இருக்கிறது, அவன் கையெழுத்து இருக்கிறது.

என் பேர் அதில் இல்லை.